ஏழு வாரம்

பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள் அவள். பதினோரு வருட வேலை. ஊசி ஏறியதே தெரியாது என்று வயதானவர்கள் அவளையே கேட்டு அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கைராசியை முதலில் மோப்பம் பிடித்தவன் ஊட்டச்சத்துப் பொடிக் கம்பெனியின் குழுத்தலைவன். ஆள் சேர்த்து, சேர்ந்தவர் மேலும் ஆள் சேர்த்து, கீழே கீழே வளரும் கம்பெனி அது. அவனை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும், அவனைவிட மூத்தவர்களும்கூட. தினமும் பத்து வீட்டுக் கதவு உனக்குத் திறக்கிறது, கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள், உனக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ரப்பர் பட்டையைக் கையில் இறுக்கும்போதே, ரொம்பச் சோர்வாகத் தெரிகிறீர்களே என்று ஆரம்பித்துவிடுவாள். பட்டை கட்டிய கையோடு யாரும் எழுந்து போக முடியாது.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர் அவளுடைய பெரியப்பா. ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். முப்பத்தைந்து வருடம் ரயிலில் ஒருவரையும் நம்பாமல் காலம் தள்ளியவர். சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவர். அவரை மடக்க மூன்று மாதம் ஆனது. மடங்கிய பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. காலையும் மாலையும் பச்சைப் பொடியைக் கரைத்துக் குடித்தார். பழைய சகாக்கள் இருபது பேரைச் சேர்த்தார். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்தார். ரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்கலாமா என்று ஒருநாள் அவளிடம் கேட்டார். கம்பெனி மேடையில் கேட்டதை அவள் அப்படியே ஒப்பித்தாள்: உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், மாத்திரைதான் அதைச் சோம்பேறியாக்குகிறது. அவர் குறைக்கவில்லை, அன்றே நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு ரத்தம் எடுத்தாள். ரிப்போர்ட்டில் உப்பு ஏறியிருந்தது. சிறுநீரகம் கெட ஆரம்பித்தால்தான் அப்படி ஏறும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணனிடம் ஓடினாள். மண்டபத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவன் தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"கழிவு வெளியேறும்போது அப்படித்தான் காட்டும். அடுத்த மாசம் உனக்கு மேடை இருக்கு. உங்க பெரியப்பா டீம் இல்லன்னா அது கிடையாது. யோசிச்சுக்கோ."

பொய் என்று தெரிந்தேதான் அவள் தாளை மடித்துக் கைப்பையில் போட்டாள். பெரியப்பா கேட்டபோது எல்லாம் நார்மல் என்றாள். ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஏழாவது வாரம் அவளை மேடையேற்றித் தோளில் பொன்னிற பேட்ஜ் குத்தினார்கள். முன்வரிசையில் இருந்து எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவர் பெரியப்பா. அவருடைய கால் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. மேடையில் நின்றவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையிலேயே ரிப்போர்ட்டோடு அவர் வீட்டுக்குப் போனாள். பொடியை நிறுத்துங்கள், மாத்திரையைப் போடுங்கள், டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் தாளை டிக்கெட் மாதிரி முன்னும் பின்னும் திருப்பினார்.

"தேதி ஏழு வாரம் பழசா இருக்கே."

"நான் பொய் சொல்லிட்டேன் பெரியப்பா."

"எப்போ? அன்னிக்கா, இன்னிக்கா?"

மேடை கிடைத்துவிட்டது, இனி என் டீம் உன்னைத் தாண்டிவிடும் என்று பயம், அதுதானே என்றார். தாளை நான்காகக் கிழித்துப் போட்டார். நெகட்டிவாகப் பேசுபவர்களை வீட்டுக்குள் விடாதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவளைப் படிவரை கொண்டுவந்து விட்டுக் கதவைச் சாத்தினார். பெரியம்மா கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வாரம் மட்டும் பொடியை நிறுத்திப் பார்த்தார். வீக்கம் வடியவில்லை. ஆகவே பொடியில் குற்றமில்லை என்று மறுபடி ஆரம்பித்தார்.

அவர் கதவைச் சாத்திய அன்றே அவள் கம்பெனியை விட்டாள். அவள் அழைப்பை யாரும் எடுக்கக்கூடாது என்று அண்ணன் குரூப்பில் ஒரு வரி போட்டான். அக்கா, தங்கச்சி என்று உருகியவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊமையானார்கள்.

அதிலிருந்து நான்காம் மாதம் பெரியப்பா குளியலறையில் விழுந்தார். அதன் பிறகு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். குழாயோடு படுத்தபடியே பக்கத்துக் கட்டிலுக்குப் பொடியின் துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், நல்லாத்தான் இருந்தேன், இவள் குழப்பியதால் ஒரு வாரம் நிறுத்தினேன், அதுதான் படுக்கையில் தள்ளிவிட்டது என்றார். சொந்தபந்தம் முழுக்க அதை நம்பியது. அவள் ஒவ்வொருவரிடமும் தான் மறைத்த ஏழு வாரத்தைச் சொன்னாள். அதைப் புரிந்துகொள்ள உப்பும் தேதியும் தெரிய வேண்டும். ஒரு வாரக் கதை எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாதே என்று பெற்ற தாயே சொல்லிவிட்டாள்.

ஐந்து மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து அவர் இறந்தார். அண்ணன் மலர்வளையத்தோடு வந்து, உடலுக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசினான். பேசி முடித்தபோது உறவினர் இருவர் அவனுடைய நம்பரைக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து அவள் பெரியம்மாவைப் பார்க்கப் போனாள். பெரியம்மா பொடி டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை விஷயம், மறைத்த ரிப்போர்ட், மேடை, எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் சொல்லி அழுதாள்.

"தெரியும்டி," என்றாள் பெரியம்மா, துடைப்பதை நிறுத்தாமல். "அவர் கிழிச்சுப் போட்டதை ஒட்டி, கீழ்வீட்டு நர்ஸ்கிட்ட அப்பவே காட்டினேன்."

"அப்புறம் ஏன் பெரியம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவர் எழுந்து வருவாரா? கம்பெனில அவர் இடம் இப்போ என் பேருக்கு மாறியிருக்கு. கீழ இருபது பேர் இருக்காங்க. அதையும் விட்டுட்டு நான் யார்கிட்ட போய் நிக்கறது? உன்கிட்டயா?"

ஞாயிறுதோறும் நாலு மணிக்கு இங்கே கூட்டம், அந்த நேரத்தில் வராதே என்றும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவள் அந்த நேரத்துக்கே போய் மாடிப்படியில் நின்றாள். ஏறி வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். அன்று புதிதாக வந்த இளம் தம்பதி இறுதிவரை பொறுமையாகக் கேட்டார்கள். ஏழு வாரத்தைக்கூட அவள் விடவில்லை.

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவிதான் பேசினாள், நோயாளியிடம் பேசும் கனிவோடு.

"மேல்வீட்டு அம்மா போன்லயே சொன்னாங்க. படியில ஒருத்தங்க நிப்பாங்க, பாவம், சாவுல மனசு கலங்கிப் போனவங்க, எதுத்துப் பேசாம கேட்டுட்டு வாங்கன்னு. கேட்டுட்டோம்ல அக்கா, கொஞ்சம் வழி விடுறீங்களா?"

அவள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள்.