நாலாவது குடுவை

மாடி வீட்டுப் பால்கனிக் கொடியில், ஆண்பிள்ளைச் சட்டைகளுக்கு நடுவே நீளநீளமாக ஏதோ தொங்குவதைப் பார்த்து, அந்த வீட்டுப் பெண் சவுரி வியாபாரத்தில் இறங்கிவிட்டாள் என்றுதான் தெருவில் முதலில் பேச்சு. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது வாழைநார். பழக்கடைக்காரர் தூக்கிப்போட்ட மட்டையை வாங்கிவந்து, உரித்து, அலசிக் காயப்போட்டிருக்கிறாள். அதை வைத்து வெள்ளித் துகள் செய்கிறாளாம். இதைக் கேட்டபிறகு, சவுரி வியாபாரமாகவே இருந்திருக்கலாம் என்று தெரு நினைத்தது.

அவள் ஆராய்ச்சி செய்யும் ஆய்வுக்கூடத்திலேயே புருஷனுக்கும் அதே வேலைதான். வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களை உண்டாக்குவது. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும், அவ்வளவு பொடிசு. அவன் போரோஹைட்ரைடு என்கிற வெள்ளைப் பொடியைப் போடுவான், நொடியில் கரைசல் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் வெள்ளி வந்துவிட்டது என்று அர்த்தம். மிஞ்சிய கழிவு பீப்பாயில் நிரம்பி, எடுத்துப்போக நாதியில்லாமல் மூலையில் நிற்கும். நொடியில் முடிப்பதால் அவனுக்கு நொடிக்காரன் என்று பெயர். அவளோ பொடியும் வேண்டாம், பீப்பாயும் வேண்டாம், அந்த வேலையை நாரே பார்த்துக்கொள்ளும் என்பாள். பார்த்தும் கொண்டது. என்ன, குடுவை வெந்நீரில் ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். அவள் நார்க்காரி.

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியருக்கு அந்த ஒரு மணிநேரம்தான் கசந்தது. எதைக் கேட்டாலும் 'அப்புறம் பாக்கலாம்' என்கிற மனிதருக்கு, மற்றவர்கள் செய்வது மட்டும் உடனே நடக்கவேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளர் அம்மா வருகிறார், அவர் கண்ணெதிரே செய்து காட்டு, தேறவில்லையென்றால் நார் வேலையை மூட்டைகட்டிவிட்டு வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லிவிட்டார். நாலு வருஷ உழைப்பு.

அவள் அசரவில்லை. நடுங்கியது நொடிக்காரன்தான். போதாக்குறைக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் அவன் அக்கா படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஏண்டா, உன் பொண்டாட்டி தோத்துட்டு வந்தா என்னாகும்னு யோசிச்சியா? ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. நீ தட்டத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வருவே. என்னால ஆகாதுடா சாமி."

"அவ நல்லாத்தான் செய்வா அக்கா."

"அப்ப உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு படியேறினான்.

அன்று காலை நார்க்காரி நாலு குடுவைகளில் தண்ணீர் வைத்தாள். மூன்றில் நார் போட்டாள். நாலாவதில் வெறும் தண்ணீர். நார் இருந்தால்தான் வெள்ளி வரும், இல்லாவிட்டால் வராது என்று காட்ட அந்த நாலாவதுதான் சாட்சி. விருந்தாளியை அழைத்துவர அவள் வாசலுக்குப் போன சமயம், நொடிக்காரன் தன் அலமாரியைத் திறந்தான். கரண்டி நுனியில் துளி வெள்ளைப் பொடி. அன்புக்குக் கண்ணில்லை என்பார்களே, இவனுடைய அன்புக்கு மூளையும் இல்லை. முதல் குடுவையில் போட்டான், இரண்டாவதில், மூன்றாவதில். கை நாலாவதுக்கும் போய்விட்டு வந்தது.

தேர்வாளர் அம்மா கனத்த உடம்பும் கனத்த கண்ணாடியுமாக வந்து நாற்காலியில் அமர்ந்தார். நார்க்காரி வெள்ளி உப்புக் கரைசலை ஒவ்வொரு குடுவையிலும் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மஞ்சள்.

பேராசிரியர் கைதட்டியே விட்டார். "பாத்தீங்களா மேடம்? உடனே!"

நார்க்காரி கைதட்டவில்லை. இன்னும் வெந்நீரில்கூட வைக்கவில்லையே. அவளுடைய நார் ஒருநாளும் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் தேர்வாளர். "ஆனா இந்த நாலாவதுல நாரே இல்லையேம்மா. இது ஏன் மஞ்சளாச்சு? அப்ப உன் நாருக்கு இங்க என்ன வேலை?"

பேராசிரியர் சட்டென்று குடுவை கழுவும் அண்ணன் பக்கம் திரும்பினார். "கழுவுற லட்சணமாய்யா இது? எதையோ ஒட்டவெச்சு அனுப்பியிருக்கே!"

"நானா சார்? மூணு தடவ கழுவினேனே!"

நார்க்காரி குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி. அந்தக் குமிழி எந்தப் பொடிக்கு வரும் என்று அந்த அறையில் தெரியாதவர் இல்லை. அவள் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் பழி அண்ணன் தலையில் விழுந்திருக்கும், நார் வேலையும் அத்தோடு போயிருக்கும். நொடிக்காரன் ஓரடி முன்னால் வந்தான்.

"அண்ணன்மேல தப்பில்ல. நான்தான் மேடம். என் பொடியப் போட்டேன். அவளுக்குத் தெரியாது."

"எதுக்கு?" என்றார் தேர்வாளர்.

"ஒத்தாசையா இருக்கட்டும்னு."

தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவனை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். பிறகு நார்க்காரியிடம் சொன்னார்: "புதுக் குடுவை எடும்மா. எனக்கு அவசரமில்ல. ஒத்தாசைய மட்டும் கொஞ்சம் வெளிய நிறுத்து."

ஒத்தாசை நடைவழியில் நின்றது. கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தது. நாலு குடுவையும் வெந்நீரில் உட்கார்ந்திருக்க, ஒன்றும் ஆகவில்லை. வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. குடுவை கழுவும் அண்ணன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "என்ன சார், உள்ள விடலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேராசிரியர் உள்ளே கொட்டாவி விட்டார். அதன்பிறகு நார் லேசாகப் பழுப்பேறியது, தண்ணீர் மஞ்சளானது, மஞ்சள் தவிட்டு நிறத்துக்கு இறங்கியது. நாலாவதில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. தேர்வாளர் அம்மா குனிந்து அதையே நெடுநேரம் பார்த்துவிட்டு, பேராசிரியரிடம் ஏதோ சொன்னார். பேராசிரியர் வாயில் 'அப்புறம்' வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நார்க்காரி வெளியே வந்தாள்.

"வேலை தொடரலாம்னு சொல்லிட்டாங்க."

"நான்தான் சொன்னேனே, நீ நல்லாத்தான் செய்வேன்னு."

"யார்கிட்ட சொன்னீங்க? பொடி டப்பாகிட்டயா?" அவள் குரல் உடைந்தது. "நாலு வருஷமா பக்கத்து மேஜைல நிக்கிறீங்க. ஊரே சிரிச்சப்பகூட எனக்கு உறைக்கலைங்க. உங்களுக்கே நம்பிக்கை இல்லையே."

அவன் தலை குனிந்தபடி நின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நார் இருந்த மூணுல போட்டது புரியுது. நாலாவதுல எதுக்குப் போட்டீங்க? அத விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?"

நொடிக்காரன் நிமிர்ந்தான். முகத்தில் அப்படியொரு அதிர்ச்சி.

"ஒண்ணுல செஞ்சத எல்லாத்துலயும் செய்யணும்ல? நாலாவத மட்டும் விட்டா அது ஏமாத்து வேலை ஆயிடாதா?"

நார்க்காரி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில், உள்ளே இருந்த தேர்வாளர் அம்மாவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.