கரையாத ஐஸ்

விமானத்தில் வரும்போதும் ஐஸ் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை நெகோ. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள எருப் தீவில் சிங்கி இறால் பிடிப்பவன். டவுன்ஸ்வில் ஆய்வுக்கூட வாசலில், அங்கே வேலை பார்க்கும் தங்கை ரூபினாவைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இந்தா, அப்பாவோட பிள்ளைங்க! வழி நெடுக ஐஸ் கரைய விடலையே நானு. கெயின்ஸ்ல இறங்கி, புதுசா வேற வாங்கிக் கொட்டினேன்."

ரூபினா சட்டென்று பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் அப்பா நங்கூரம் போடும் இடத்தில் இருந்த பவளத் திட்டுக்கு வீட்டில் அப்பாவின் பெயர்தான். போன கோடையில் கடல் சூடேறி, சுற்றியிருந்த பவளமெல்லாம் வெளுத்துச் செத்தது. அந்தத் திட்டு மட்டும் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை, பௌர்ணமி கழிந்து அது முட்டை விடும். அதில் உண்டாகும் கருக்களை இங்கே தொட்டியில் வளர்த்து ஊர்க்கடலில் திரும்ப நட வேண்டும் என்பதுதான் அண்ணன் தங்கையின் ஆசை. "வெயில் படாம கொண்டா" என்று போனில் சொன்னவள் அவள்தான்.

நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒன்றுகூட முழுசாக இல்லை. உள்ளிருந்ததெல்லாம் தண்ணீரில் கசிந்து கிடந்தது.

உயிரணுவின் தோல் என்பது இரண்டே அடுக்குக் கொழுப்பு. அதைப் பிடித்துக் கட்ட ஆணியும் இல்லை, நூலும் இல்லை. கொழுப்புகள் ஒன்றையொன்று உரசி நழுவிக்கொண்டே இருப்பதால்தான் அது கிழியாமல் நிற்கிறது. வெதுவெதுப்பான கடலில் வாழும் பவளம், அந்தச் சூட்டுக்குத் தோதாகக் கெட்டிக் கொழுப்பை வைத்துக்கொள்ளும். குளிர் பட்டால் தேங்காய் எண்ணெய் மாதிரி திட்டுத் திட்டாக உறையும். உறைந்ததும் உறையாததும் சேரும் இடத்தில் ஓட்டை விழும். உயிர் அந்த வழியாகப் போய்விடும். இது ரூபினாவுக்குப் பால்பாடம். அதனாலேயே ஐஸ் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லத் தோன்றவில்லை, பாவிக்கு.

"என்ன, நீந்துதா?" என்றான் நெகோ.

"பயணம் ஒத்துக்கலண்ணே."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"விடு தங்கச்சி. வரும்போது பாத்தேன், இப்ப நம்ம திட்டும் வெளுக்குது, ஓரமா கொஞ்சம்தான் இன்னும் வெளுக்காம இருக்கு. அது தாக்குப்பிடிக்கும். அடுத்த வருஷம் பெரிய பெட்டி எடுத்து, ரெண்டு பங்கு ஐஸ் போட்டுக் கொண்டாறேன்."

இதற்கு மேல் மறைக்க வழியில்லாமல் போயிற்று.

"அண்ணே, ஐஸ் வேணாம்."

"ஏன்?"

"குளிர்லதாண்ணே செத்துச்சு. வெயில் ஆகாதுன்னு சொன்ன நான், ஐஸும் ஆகாதுன்னு சொல்லல. தப்பு என்னுதுதான்."

நெகோ அவளையே பார்த்தான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

"கடல்ல எடுத்தது எதுவானாலும் ஐஸ்லதானே வைப்போம்? கெட்டுடக் கூடாதேன்னுதானே..." கைகளை விரித்துக் காட்டினான். "விரலெல்லாம் மரத்துப்போச்சு, அப்பவும் விடாம புடிச்சுக்கிட்டு வந்தேனே தங்கச்சி."

ரூபினா அவன் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் சில்லென்றுதான் இருந்தன. பெட்டியில் ஐஸ் பாதிகூடக் கரையவில்லை.