லிபியின் மூக்குக்கு ஒரு ஜெபம்

ஞானையனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் பேனாவே சிரிக்கிறது. எங்கள் சபைச் செயலாளர். மைக்கில் அவர் இருமினால் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பல் திரும்பிவிடும் என்று மனதார நம்புகிறவர். பக்கத்து வீடு. ரிட்டயரான எனக்கு வேறு பொழுதுபோக்கு எதற்கு?

அவர் தம்பி மகள் லிபிக்கு சிஸ்டிக் பைப்ரோசிஸ். சளியைப் பசையாக்கி மூச்சை அடைக்கும் பிறவி நோய். போன வருஷம் இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். பிழைத்தாள். ஞானையன் நோட்டீஸ் அடித்துவிட்டார்: "பூரண சுகம் பெற்ற லிபியின் சாட்சி, ஞாயிறு காலை." ஆண்டவர் பெயரைவிட அவர் பெயர் இரண்டு மடங்கு பெரிசு.

டாக்டர் வந்து கெடுத்தார். நுரையீரல்தான் புதுசு, மூக்கு பழசேதான்; சைனஸில் குடியிருக்கும் கிருமி கீழே இறங்கினால் புது நுரையீரலும் போய்விடும்; திங்கட்கிழமையே ஆபரேஷன் என்றார்.

சனிக்கிழமை கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் லிபி வீட்டுக்குள் நுழைந்தேன். நல்ல நேரம்.

"ஞாயிறு பூரண சுகம், திங்கள் ஆபரேஷனா? சபை என்னவாக்கும் நினைக்கும்?" என்றார் ஞானையன்.

"அத்தான், டாக்டர் சீக்கிரம்னு..." என்று இழுத்தாள் லிபியின் அம்மா ஜெயபாய்.

"ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம். மூக்குதானே, எங்க போகப்போகுது?"

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்த லிபி நிமிர்ந்தாள். "மூக்கு எங்கேயும் போகாது பெரியப்பா. அதுல இருக்கிறதுதான் போகும்."

"நீ மிண்டாதே மக்ளே" என்று அவள் வாயை அடைத்தார்.

புருஷன் செத்த நாள் முதல் ஜெயபாய்க்கு அத்தான் சொல்தான் சட்டம். தலையாட்டினாள். ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி வேண்டாம் என்று சொல்வதாக முடிவு.

ஞாயிறு. லிபி மாஸ்க்கோடு பக்கவாசல் காற்றில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் சபையில் ஜெபம் வேண்டுவோர் சீட்டெழுதிப் பெட்டியில் போடுவார்கள். முன்கூட்டிப் பிரிக்காமல் அத்தனையும் செயலாளர் வாசிக்க வேண்டும். விதியைப் போட்டதே ஞானையன்தான், மைக்கில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று.

சுஜினின் பி.எஸ்.சி. பரீட்சை, பிரேமாவின் முழங்கால் என்று முழங்கிக்கொண்டே வந்தார். அடுத்த சீட்டு.

"லிபி. நாளை காலை எட்டு மணிக்கு சைனஸ் ஆபரேஷன். புது நுரையீரலைக் காப்பாற்ற." குரல் பஞ்சர் டயராக இறங்கியது. நானூறு ஜோடிக் கண். நிறுத்த முடியுமா? "பெரியப்பாவே காரில் கொண்டுபோகிறார். அவருக்காகவும் ஜெபிக்கவும்."

"ஆமென்" என்ற சத்தத்தில் ஓடு பறந்தது. போதகர் அந்த மூக்குக்காக நாற்பது நிமிஷம் ஜெபித்தார். ராஜாக்களின் மூக்குக்கும் அவ்வளவு கிடைத்திராது. பிறகு சாட்சிக்கு எழுந்த லிபி, "பாதி சுகம். மீதி நாளைக்கு" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

திங்கள் காலை ஞானையன் வண்டி ஓட்டினார். பின் சீட்டில் நானும் தொற்றிக்கொண்டேன். விடுவேனா?

மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். ஞானையன் அவருக்கு முதுகைக் காட்டியபடி ஃபோனில் இருந்தார். "ஆமா போதகரய்யா, அம்மையும் மகளும் பயந்துட்டாங்க. நாந்தான் ஒரே பிடியாப் பிடிச்சுக் கொண்டுவந்தேன்..."

"அத்தான்," என்றாள் ஜெயபாய். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. "ஃபோனை வையுங்க. டாக்டர் எங்கிட்டப் பேசணும்."

வைத்தார்.