தொலைந்துபோன நீ

தேவகுமார் தன் மனைவியை ‘நீங்க’ என்று சொல்ல ஆரம்பித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மரியாதை. அதற்குள் அடைபட்டுக் கிடந்த கனகமாலாவுக்குத்தான் அது எத்தனை கனமான கதவு என்று தெரியும். அன்று மாலையும் வேங்கிக்கால் வீட்டின் படுக்கையறையில், மறுநாள் வகுப்புக்கான குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த வேன்கள் வீட்டு கேட் வரை அடைத்து நின்றன. ஸ்கூட்டியைக்கூட வெளியே எடுக்க முடியாது.

கைபேசியில் சென்னைக் கல்லூரி ஒன்றின் கடிதம் இருந்தது. வேலை தருகிறோம், சம்மதம் என்றால் இன்று ஆறு மணிக்குள் சொல்லவும். அந்த வேலை மேல் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இந்த வீட்டை விட்டு வெளியேற ஒரு வழி, அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கால் முட்டியால் வந்த வினை. அவள் ஆங்கிலம் கற்பிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குத் தேவகுமார் தாமதமாக வந்தான். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவன். துறைத் தலைவரிடம், “அம்மாவுக்குக் கினீ பெயின் ஜாஸ்தியாயிடுச்சு சார், அதான் லேட்டு” என்றான். கனகமாலா அதை அவன் காதோரம் திருத்தியிருக்கலாம். திருத்தியே பழகிய வாய், சும்மா இருக்கவில்லை.

“கினீ இல்ல. நீ” என்றாள் எல்லோர் முன்னாலும். அவன் விழித்ததும், “நீ!” என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னாள்.

கூட வேலை பார்க்கும் சகாதேவன் விடுவாரா? “என்ன மேடம், வீட்லதான் நீ, வா, போன்னா இங்கயுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

திரும்பும் வழியிலேயே, “அது முட்டிக்கு இங்கிலீஷுங்க. கே சைலண்ட்” என்று விளக்கினாள்.

“நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

அதோடு ஆங்கிலச் சொற்களையும் அடியோடு விட்டுவிட்டான். “அம்மா, அவங்கள மின்விசிறிய நிறுத்தச் சொல்லுங்க” என்பான். “எந்த விசிறிடா, பனவோலையா?” என்று மாமியார் ராஜம்மாள் கேட்பாள்.

கனகமாலா குறிப்புகளைப் புரட்டினாள். ஆங்கிலத்தின் வரலாறு. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களும் அந்தக் கே எழுத்தை வாய் திறந்து சொன்னவர்கள்தான். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்புதான் நாக்கு அதைக் கைவிட்டது. அச்சில் ஏறிவிட்ட எழுத்து மட்டும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த பக்கத்தில் இன்னொரு செய்தி. ஆங்கிலத்திலும் நீ வேறு, நீங்க வேறு என்று இருந்தது. மரியாதைக்கென்று வைத்திருந்த ‘நீங்க’வை எல்லோருக்கும் சொல்லப்போய், ‘நீ’ மெல்லப் பேச்சிலிருந்தே போய்விட்டது. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும்கூட இப்போது அந்த ஒரே ‘யூ’தான். நான்கு வருடமாக நடத்துகிற பாடம். இன்றுதான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

மணி ஐந்தே முக்கால். ‘சம்மதம்’ என்று தட்டத் தொடங்கினாள்.

கூடத்தில் தேவகுமார் மருந்துக்கடைக்குப் பேசுவது கேட்டது. “முருகையண்ணே, அம்மாவுக்குக் கால் முட்டிக்குப் போடற உறை வேணும்.”

“மூடிக்கா? எந்த மூடி சார்?” ஸ்பீக்கரில் குரல் இரைந்தது.

“மூடி இல்லண்ணே, முட்டி. அதுக்குப் போடறது… துணி மாதிரி…”

“முட்டிக்குத் தைலம்தான் சார் இருக்குது.”

அவள் எழுந்து அறை வாசற்படிக்கு வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். நாக்கு நுனி வரை வந்த சொல்லை விழுங்கி, வாயை மூடிக்கொண்டான். தான் மட்டும் உள்ளே அடைபட்டிருப்பதாக நினைத்தது எவ்வளவு தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டதே அவள்தான்.

போனின் பக்கம் குனிந்தாள். “அண்ணே, கினீ கேப். பெரிய சைஸ்.”

“கினீ கேப்பா? மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா? எடுத்து வெக்கறேன்.”

உள்ளறையிலிருந்து ராஜம்மாள் குரல் கொடுத்தாள். “ஏம்மா, அது தப்புன்னு சொன்னியாமே?”

“தப்பில்ல அத்தே. வெள்ளக்காரனே முன்னாடி அந்தக் ‘கே’யச் சொல்லிட்டுதான் இருந்தான். அப்புறம் வந்தவங்க சோம்பேறிங்க, விட்டுட்டாங்க.”

தேவகுமார் சுவரைப் பார்த்துக் கேட்டான். “அப்ப நான் பேசறது பழைய இங்கிலீஷா?”

“ரொம்பப் பழசுங்க. நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

சன்னல் வழியே வெயில் சுருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜைனக் குடும்பம். இருட்டினால் அடுப்படியில் சாப்பாடு கிடையாது. அவன் உள்ளே போய்த் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.

“பொழுது போவுது. நீ சாப்டியா?” என்று அங்கிருந்தே கேட்டான்.

கனகமாலா கைபேசியோடு அவனிடம் போனாள்.

“சென்னைல வேல கெடச்சிருக்குதுங்க. ஆறு மணிக்குள்ள சொல்லணும்.”

தட்டோடு நின்றான். “போணும்னு தோணுதா?”

“பதினோரு நாளா தோணுச்சு.”

“இப்ப?”

வெளியே வேன்கள் ஓர் அடிகூட நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தட்டிய சொல்லை அழித்து, கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“இப்ப பசிக்குது” என்றாள்.