வாசனை இல்லாத துணி

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். எனக்கும் என் கணவன் டுவேனுக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டியே என் காலம் போய்விட்டது. நான் போன பிறகு, "இது ஆர்டிஸ் செஞ்சது" என்று நாலு பேர் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரே ஒரு போர்வை. கடையில் விற்கிற மாதிரிப் படத்தைப் பார்த்து இல்லை, என் மனதில் இருந்தபடி.

மனதில் இருந்தது நவம்பர் வயல். சோளம் அறுத்து முடிந்து, பனி மூடுவதற்கு முன்னால் பஸ் கண்ணாடி வழியாக நான் பார்த்தது. மினசோட்டாவில் அந்த மாதத்தை யாருக்கும் பிடிக்காது. எனக்கு மட்டும் அதில் எத்தனையோ பழுப்பு தெரியும். ஊர் ஊராகத் தேடித் துணி வாங்கி, துவைத்து, உழவுச் சால் மாதிரி நீள நீளமாக வெட்டி, தையல் அறைச் சுவரில் அடித்திருந்த, துணி தானாக ஒட்டிக்கொள்ளும் ஃபிளானல் விரிப்பில் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தேன்.

நடுவில் ஒரு நல்ல காரியம் செய்து தொலைத்தேன். சபையில் பாட்டு நடத்திய பெரியவர் இறந்தபோது அவருடைய சட்டைகளை வெட்டி அவர் மனைவிக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்தில் விரித்துக் காட்டினார்கள். எல்லாரும் அழுதார்கள். அன்றோடு என் கதை முடிந்தது.

அடக்கம், காபி, ஹாம் சாண்ட்விச், அப்புறம் ஆர்டிஸ் வீட்டு வாசலில் ஒரு பை. ஊர் வழக்கமே அப்படி ஆகிவிட்டது. நாங்கள் லூத்தரன்கள், துக்க வீட்டுக்காரியிடம் முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஒவ்வொரு பைக்கும் என் வயலைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டி வைத்துவிட்டு, செத்தவர்களின் கட்டம்போட்ட சட்டைகளை அங்கே பரப்புவேன். போர்வையின் பின்பக்கத்தில் செய்தவள் பெயரைத் தைப்பதுதான் முறை. இந்தப் போர்வைகளில் மட்டும் செத்தவர் பெயர். மூன்று குளிர்காலம் இப்படியே போனது. என் வயலில் ஒரு வரிசைகூடத் தைக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் சபை லவோனின் கணவர் வெண்டல் இறந்துபோனார். பன்றி வளர்த்தவர். லவோன் பையை வழக்கம்போல வாசலில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள் வரும் துணி முதலில் வாஷிங் மெஷினுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிடும். போர்வை தைக்கிற எந்தக் கையும் யோசிக்காமல் செய்வது அது. வெண்டல் பன்றிக்காரர் என்பதால் நான் இரண்டு முறை துவைத்தேன்.

போர்வையை வாங்கியதும் லவோன் அதில் முகத்தைப் புதைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"துவைச்சியா?"

"துவைக்காம எப்படித் தைக்கிறது?"

"நான் அந்தப் பைய ஒரு தடவகூடத் தொறக்கல, ஆர்டிஸ். அவரு வாசன போயிரும்னு முடிச்சுப் போட்டே வச்சிருந்தேன்." நான் கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "தையல் ரொம்ப நேர்த்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கக்கேடு, ஆனால் அது சந்தோஷம்தான்.

"ஊரே பேசுது" என்றான் டுவேன். "வெண்டலுக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டி அனுப்பிட்டியாம்."

"பேசட்டும். இனி எவளும் பை கொண்டாரமாட்டா."

உண்மையிலேயே யாரும் வரவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வயலை மறுபடி சுவரில் ஏற்றினேன். முதல் வரிசையைத் தைத்தேன், அடுத்ததையும் தைத்தேன். என் பெயரை எந்த மூலையில் தைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

பனி உருகத் தொடங்கியபோது லவோன் வந்தாள், கையில் இறுகக் கட்டிய பை. அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பையோடு.

"இது தொழுவத்துல மாட்டியிருந்த அவரு கோட்டு. மறந்தே போயிட்டேன். இத மட்டும் துவைக்காம தச்சுக் குடு, ஆர்டிஸ். அப்படித்தான் வேணும்னு இவங்களும் கேக்குறாங்க."

நான்தானே அவளிடமிருந்து வெண்டலைக் கழுவி எடுத்தவள். எந்த முகத்தோடு மறுப்பது? பையை வாங்கிக்கொண்டேன். அவிழ்த்ததும் பன்றி நாற்றமும் டீசல் நெடியும் மூக்கைத் துளைத்தன. வீட்டுக்குள்ளேயே அந்த மனிதர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தடித்த கோட்டுத் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய துணிப் பட்டை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி இறங்காது. புதுத் துணியில் கஞ்சி நெடி. துவைத்தால் சோப்பு நெடி. மறுபடி லவோனின் அந்த முகம். வீட்டிலிருந்த துணியை எல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். இந்த மூன்று வருடத்தில் சோப்பு, கஞ்சி எல்லாம் ஆறிப்போய், எந்த வாசனையும் இல்லாமல் இருந்தது சுவரில் இருந்த என் வயல் மட்டும்தான்.

தையல் பிரிக்கிற சத்தம் கேட்டு டுவேன் வந்து நின்றான்.

"அது உன் வயலாச்சே."

"வேற துணி இல்ல."

"இல்லன்னு அவகிட்டச் சொல்லிரேன்."

"நீ போய்ச் சொல்லு."

அவனும் லூத்தரன்தான். கொட்டகைக்குப் போய்விட்டான்.

போர்வையை வாங்கிய லவோன் வெகுநேரம் அதிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "அவருதான்" என்றாள். பின்பக்கம் திருப்பி, வெண்டலின் பெயரை விரலால் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுவே ஓடிய என் பழுப்புப் பட்டைகளைப் பார்த்தாள்.

"இந்தத் துணி நல்லா இருக்கே. எங்க வாங்கினே? மத்த ரெண்டு பேரும் இதையே வச்சுத் தரச் சொல்லுவாங்க. இருக்கா?"

"இருக்கு" என்றேன். "ரெண்டு பேருக்கும் போதும்."