அன்னப்படகில் ஒரு வலை

நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்த தம்பி, அண்ணனைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு ஆறடி தள்ளியே நின்றுவிட்டான். பதினோரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கிட்டே போக ஒரு கூச்சம். துக்கம் விசாரிக்க வந்ததாகப் பேர்; தெருவே அந்த ஆறடியைத்தான் அளந்துகொண்டிருந்தது.

சண்டைக்குக் காரணம் வீடும் இல்லை, வாசலும் இல்லை, தண்ணீர். ஏரி வற்றினால் மீனெல்லாம் நடு மடுவில் நெருக்கியடிக்கும், அண்ணனுக்குக் கொண்டாட்டம். நிறைந்தால் தம்பியின் அன்ன வடிவ மிதிபடகுகளுக்குக் காதல் ஜோடிகள் வரிசை கட்டும். மதகைத் திறக்கச் சொல்லி ஒருவர் மனு. மூடச் சொல்லி இன்னொருவர் மனு. ஒருநாள் அலுவலக வாசலில், "உன் பிளாஸ்டிக் வாத்துக்காக நான் பட்டினி கிடக்கணுமாடா?" என்றார் அண்ணன். தம்பி திருப்பிச் சொன்னதை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றுமே எழுதத் தகாதவை.

ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் முதல் படகைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு சுற்றுக்காவது அண்ணன் வந்து ஏறுவாரா என்று அவன் பாதையைப் பார்த்து நின்றதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர் வருவார். படகுத்துறையைத் தாண்டிப் போய்விடுவார்.

"ரெண்டு மணிக்கு எடுத்துடலாம்" என்றது ஒரு பெரிய தலை.

அண்ணி நிமிர்ந்தாள். "நேத்து சாயங்காலம் போட்ட வலை அப்படியே கிடக்கு. வலையில மீனை அழுக விட்டதே இல்ல இவரு."

"இப்போ அது எதுக்குக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அண்ணன் படகு சேத்துல உக்காந்திருச்சு. இவரு மனு ஜெயிச்சு மதகைத் தொறந்தாங்க, ஒரே ராத்திரியில தண்ணி நாப்பதடி உள்ள போயிடுச்சு. நாலு பேர் இழுக்கணும்."

"நான் போறேன் அண்ணி."

"எதுல தம்பி?"

அவன் படகுத்துறைப் பக்கம் நடந்தான். துறையின் நுனியில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது ஒரு அன்னப்படகு மட்டும்தான்.

தெருவில் பாதி கரைக்கு வந்துவிட்டது. "வாத்து மீன் பிடிக்கப் போகுதுடோய்" என்றான் எவனோ. சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டோம்.

மடுவில் வலையை இழுத்தான். பழகாத கை, மீனைவிடச் சிக்கல்தான் அதிகம் வந்தது. ஒரு மீனை எடுத்து முகர்ந்தான், இன்னொன்றை எடுத்து முகர்ந்தான். ஏரியின்மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

"எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு."

கரையில் யாரும் இருமவில்லை.

ஈர வலையைப் பக்கத்து இருக்கையில் குவித்துவிட்டு மிதித்தான். அந்தப் படகில் இரண்டு பேருக்கான மிதிகளும் ஒரே தண்டில். ஒன்றை மிதித்தால் மற்றதும் சுழலும். வலையின் ஓரம் நழுவி அந்தப் பக்கத்து மிதியில் மாட்டப் பார்த்தது. நிறுத்தினான். குனிந்து அதை மேலே தூக்கிச் செருகினான். திரும்ப மிதித்தான். காலில்லாத மிதிகள் அவன் வேகத்திலேயே கூடச் சுற்றி வந்தன.