சுவரொட்டியில் மட்டும் பெரியவள்

வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவில் மின்னல் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கிரெடிட் கார்டு. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், ‘இளமையே, உலகம் உன் கையில்!’

கதவுக்கு உள்ளே அதே மின்னல், அதே நீலக் கோட்டில், மேலாளரின் மேசை முன்னால் நின்றிருந்தாள். இங்கே சிரிப்பு இல்லை.

“உன் அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா,” என்றார் மேலாளர், துக்கம் விசாரிக்க வந்தவரின் குரலில். “உனக்குப் பத்தொன்பதுதானே? இருபத்தொண்ணு ஆகணும்.”

ஒப்பந்தத்தில் சேர்ந்த நாளிலிருந்து கார்டு விற்பதுதான் அவள் வேலை. பேச்சு வேகத்துக்காகக் கிளையில் வைத்த ‘மின்னல்’ என்ற பட்டப்பெயர் வீடுவரை போய் ஒட்டிக்கொண்டது. தனக்கென்று அவள் ஒரு கார்டு கேட்டது இதுதான் முதல் தடவை. காரணம், கேக் சுட ஒரு பெரிய ஓவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அம்மாவும் செய்கிற கேக்கைத் தெருமுனை ஹோட்டல்காரர் ருசி பார்த்துவிட்டு, தினமும் வேண்டும் என்றிருந்தார். வீட்டிலிருந்த சின்ன ஓவனுக்கோ ஒரு கேக்குக்கே மூச்சு வாங்கும். கார்டு இருந்தால் வட்டியில்லாத் தவணை என்றார் ஓவன் கடைக்காரர். வெள்ளிக்கிழமை தாண்டினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார் ஹோட்டல்காரர்.

“இந்தக் கார்டை ஊர் முழுக்க விக்கிறது நான்தானே சார்? விக்க வயசு பத்துது, வாங்கப் பத்தலையா?”

“ரூல்ஸ்மா. சின்ன வயசு. கார்டு கிடைச்சா கண்ணு மண்ணு தெரியாம செலவு பண்ணுவீங்க. பொறுப்பு வரணும்ல?” என்ற மேலாளர், இந்த வருடத்தில் தவணையில் வாங்கிய மூன்றாவது கைபேசியை மேசைமேல் நகர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. வேலையில இருக்கிற பெரியவங்க யாராவது ஜாமீன் போடட்டும். உன் மாமா இருக்காரே! நம்ம கார்டே ரெண்டு வச்சிருக்கார். தங்கமான கஸ்டமர்!”

மாமா! அம்மாவின் தம்பி. ‘ரெண்டே நாள்ல தர்றேன்க்கா’ என்று அம்மாவின் வளையலை வாங்கிப்போனவருக்கு அந்த இரண்டாவது நாள் இன்னும் விடியவில்லை. வசூல்காரர்கள் துரத்தினால் நேராக அக்கா வீட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். வாசலில் நின்று, ‘மாமா இந்தப் பக்கமே வரலியே’ என்று பொய் சொல்லும் பொறுப்பு மின்னலுடையது.

“சார், அவரையே நாங்க பாத்ரூம்ல ஒளிச்சு வச்சுக் காப்பாத்துறோம். அவரு எனக்கு ஜாமீனா?”

“நாப்பத்தாறு வயசாச்சே!” என்றார் மேலாளர், அது பெரிய பட்டம் என்பதுபோல. “சரி, அதை விடு. நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரியவர் வர்றார். போஸ்டர் பக்கத்துல உன்னை நிக்க வச்சுப் படம் எடுக்கணும். சிரிச்ச முகமா வா.”

மின்னலுக்குக் காது மடல் சுட்டது.

“அந்தப் படத்தைப் போட்டுக்கலாம்னு யார் சார் கையெழுத்துப் போட்டது?”

“நீதான்.”

“எங்க மாமா போடலியே?”

“அவர் எதுக்கு? நீதான் மேஜராச்சே!” என்று சொல்லிவிட்டுத்தான் மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்போ அந்த மேஜர் சொல்றா, கேட்டுக்குங்க. படத்தை எடுத்துடுங்க.”

“எல்லாக் கிளையிலயும் ஒட்டியாச்சும்மா!”

“பொறுப்பு வராத வயசு சார். கண்ணு மண்ணு தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன். இருபத்தொண்ணு ஆனதும் நிதானமா யோசிச்சுச் சொல்றேன்.”

வெள்ளிக்கிழமைக்குள் ஓவன் வராது. இந்த வேலையும் வெள்ளிவரை தங்காது. இரண்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நீலக் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் வாய் பிளந்து பார்க்க, ஒரு நாற்காலியைக் கதவுவரை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவரொட்டியின் மேல் மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தாள். ‘இளமையே’ முதலில் வந்தது. பிறகு அவளுடைய நெற்றி.

மேலாளர் டை பறக்க ஓடிவந்தார்.

“ஐயோ, இறங்கும்மா! என்ன இது, சின்னக் குழந்தை மாதிரி!”

“அதைத்தானே சார் நீங்க ரூல்ஸ்லயே எழுதி வச்சிருக்கீங்க,” என்றாள் மின்னல், தன் சிரிப்பை ஒரே இழுப்பில் உரித்தபடி.